கட்டிய நேரத்தின் கணக்கு

கிழக்கு இங்கிலாந்தில் லிங்கன் என்று ஒரு பழைய தேவாலய நகரம். அங்கிருந்த மனநலக் காப்பகத்தில் 1830ஆம் ஆண்டு 92 நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் 54 பேர் அந்த ஆண்டில் ஒரு முறையாவது கட்டிப் போடப்பட்டவர்கள். கட்டிலோடு சேர்த்து இறுக்கும் வார், கையை நீட்ட விடாத முரட்டுத் துணிச் சட்டை, மணிக்கட்டுக்குப் பட்டை என்று வகைகள் பல. மொத்தம் 2,364 முறை, 27,113 மணி நேரம். ஏழு ஆண்டு கழித்து, 1837இல், நோயாளிகள் 130 பேர் ஆகிவிட்டார்கள்; கட்டப்பட்டவர்கள் இரண்டே பேர், மூன்றே முறை, 28 மணி நேரம். 1838ஆம் ஆண்டுக்கான கட்டத்தில் எழுத எதுவும் இருக்கவில்லை. இடையில் புது மருந்து எதுவும் வந்துவிடவில்லை. மனநோயைப் பற்றிப் புதுக் கோட்பாடு எதுவும் அந்த ஊரில் பிறந்துவிடவும் இல்லை. அப்படியானால் எது மாறியது?

இதை இரக்கத்தின் கதையாகச் சொல்வது வழக்கம். பிரெஞ்சு ஓவியர் தோனி ரொபேர்-ஃப்ளூரி 1876இல் தீட்டிய புகழ்பெற்ற ஓவியத்தில், பாரிஸின் சால்பெத்ரியேர் காப்பக முற்றத்தில் மருத்துவர் பிலிப் பினெல் நிமிர்ந்து நிற்கிறார். ஒரு பெண்ணின் விலங்கு கழற்றப்படுகிறது. ஒரு பெரிய மனிதர், ஒரு கையசைவு, ஒரு நொடி. நடந்தது அத்தனை சுருக்கமல்ல. பாரிஸின் பிசேத்ர் காப்பகத்தில் ஆண்களின் சங்கிலியை 1797இல் நீக்கியவர் அங்கு கண்காணிப்பாளராக இருந்த ழான்-பதிஸ்த் புசேன். தோல் பதனிடும் தொழிலாளியாக இருந்து, நோயாளியாக அங்கே வந்து சேர்ந்து, பிறகு ஊழியரானவர் அவர். பினெல் அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே வேறிடம் போய்விட்டார். ஓவியம் யாரைப் பாராட்டுகிறது என்பதைவிட எதை மறைக்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. கட்டை அவிழ்க்க நல்ல மனம் வேண்டும்தான். ஆனால் நல்ல மனம் மட்டும் எந்தக் காப்பகத்திலும் வெகுகாலம் தாக்குப்பிடித்ததில்லை. பராமரிக்கிறவர்கள் தாங்கள் செய்ததை மணிக்கணக்குப் போட்டு எழுத வேண்டி வந்தபோதுதான், ‘இவர் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்’ என்ற கேள்வி ‘நாம் ஏன் இதைச் செய்தோம்’ என்று திரும்பியது. முரட்டு நடத்தையைப் புரிந்துகொண்ட வரலாற்றில் இரும்பு வெட்டிய சுத்தியலைவிடக் காகிதப் பதிவேட்டுக்கே பங்கு அதிகம் என்பது என் வாதம்.

தமிழில் ‘விலங்கு’ என்ற ஒரே சொல் மிருகத்தையும் குறிக்கும், தளையையும் குறிக்கும். மொழியில் இது தற்செயலாக இருக்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியக் காப்பகங்களில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. புத்தி பேதலித்தவருக்குக் குளிரும் பசியும் மற்றவரைப் போல உறைக்காது என்று படித்தவர்களே நம்பினார்கள். அப்படி நம்பிய பிறகு, அவர் கத்துவதற்கும் உதைப்பதற்கும் காரணம் தேட வேண்டியதில்லை. மிருகம் அப்படித்தான் செய்யும், கட்ட வேண்டியதுதான். லண்டன் பெத்லெம் காப்பகத்தில் நாரிஸ் என்ற கடற்படை வீரரை 1814இல் சீர்திருத்தவாதி எட்வர்ட் வேக்ஃபீல்டும் நண்பர்களும் பார்த்தபோது, கழுத்தில் இரும்பு வளையம், அது செங்குத்தான இரும்புக் கம்பியில் கோக்கப்பட்டிருந்தது. உடலைச் சுற்றி இன்னோர் இரும்புப் பட்டை கைகளை விலாவோடு அழுத்தியிருந்தது. பத்து ஆண்டுக்கு மேலாக அவர் அதிலேயே இருந்தார். அவரோடு பேசியவர்கள் தெளிவாகப் பேசுகிறார் என்றார்கள். காப்பகத்தாரின் பதிலோ, அவர் காப்பாளரைத் தாக்கியவர் என்பது. அது பொய்யல்ல. ஆனால் என்றோ ஒரு நாள் நடந்த தாக்குதலுக்குப் பத்து வருட இரும்பு எப்படிப் பதிலாகும் என்று, நாடாளுமன்றக் குழு 1815இல் விசாரிக்கும்வரை, அங்கே யாரும் கணக்குக் கேட்கவில்லை.

இரக்கத்துக்கும் அந்நாட்டில் பஞ்சமில்லை. யார்க் நகரில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1796இலேயே ‘ரிட்ரீட்’ என்ற இல்லத்தைத் திறந்துவிட்டார்கள். தேயிலை வணிகர் வில்லியம் டியூக் தொடங்கியது அது. நோயாளியை வீட்டு மனிதராக நடத்துவது, வேலை கொடுப்பது, தேநீருக்கு அழைப்பது, அவருடைய தன்மதிப்பை நம்புவது. வில்லியமின் பேரன் சாமுவேல் டியூக் 1813இல் இதைப் புத்தகமாக எழுதியபோது ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது. இருந்தும் ரிட்ரீட்டிலேயே கட்டுவது முற்றிலும் நிற்கவில்லை. மிக முரண்டு பிடிப்பவருக்கு அது தேவை என்றே அவர்களும் நினைத்தார்கள். கனிவு கட்டைக் குறைத்தது. ‘தேவையான கட்டு’ எது என்ற கேள்வியைத் தொடவில்லை. அந்த இடைவெளியில்தான் லிங்கன் வருகிறது.

லிங்கன் காப்பகம் 1820இல் திறந்தது. வருகை மருத்துவராக இருந்த எட்வர்ட் பார்க்கர் சார்ல்ஸ்வொர்த் கறாரான ஆள். கனமான இரும்புச் சாமான்களை ஒவ்வொன்றாக ஒழித்துக்கட்டிக்கொண்டிருந்தார். 1829இல் ஒரு நோயாளி இரவு முழுவதும் கட்டுச்சட்டையோடு கட்டிலில் வாரால் பிணைக்கப்பட்டுத் தனியாகக் கிடந்து, விடியும்போது இறந்திருந்தார். நிர்வாகக் குழு இதற்கு இரண்டு வேலை செய்தது. இரவில் ஒருவரைக் கட்ட வேண்டுமானால், கட்டியிருக்கும் நேரம் முழுவதும் ஒரு பணியாளர் அதே அறையில் விழித்திருக்க வேண்டும் என்று விதித்தது. எத்தனை பேர், எத்தனை முறை, எத்தனை மணி நேரம் கட்டப்பட்டார்கள் என்ற பட்டியலும் அந்த ஆண்டிலிருந்தே தொடங்குகிறது. முதல் விதியின் சூட்சுமத்தை யோசித்துப் பார்த்தால் சிரிப்புகூட வரும். கட்டுவதன் பயனே பணியாளர் தூங்கப் போகலாம் என்பது. கட்டினாலும் விழித்துத்தான் இருக்க வேண்டும் என்றால், எதற்குக் கட்டுவது? கட்டை யாரும் தடைசெய்யவில்லை. கட்டினால் கிடைத்த லாபத்தை எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பட்டியலை இன்று வகுத்துப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. 1830இன் 27,113 மணி நேரத்தை 2,364 முறைக்குப் பங்கிட்டால், ஒரு முறைக்குச் சராசரி பதினொன்றரை மணி. ஆவேசம் எழும்பும், அடங்கும். அத்தனை பேருக்கும் அத்தனை முறையும் அது பதினொன்றரை மணி நேரம் நின்றது என்று நம்புவது கடினம். பதினொன்றரை மணி என்பது ஒரு முழு இரவின் அல்லது ஒரு முழுப் பகலின் நீளம். அதாவது நோயின் நீளத்தைவிட டியூட்டியின் நீளத்துக்கு நெருக்கமானது. 1835இல் காப்பகத்திலேயே தங்கும் மருத்துவராக வந்த இளைஞர் ராபர்ட் கார்டினர் ஹில் இந்தப் பட்டியல்களைத்தான் உட்கார்ந்து படித்தார். ஆண்டுக்கு ஆண்டு கட்டு குறைகிறது. குறைந்ததற்கு ஏற்ப விபத்தோ தாக்குதலோ கூடவில்லை. இந்தக் கோடு இப்படியே இறங்கினால் எங்கே போய் நிற்கும் என்று கேட்டுக்கொண்டார். 1838 ஜூனில் ஊர்க்காரர்கள் முன் ஆற்றிய உரையில், கட்டு அறவே தேவையில்லை என்று அறிவித்தார். அவர் கோட்பாட்டிலிருந்து எண்ணுக்கு வரவில்லை, எண்ணிலிருந்து கோட்பாட்டுக்குப் போனார். பதிலுக்கு அவர் கேட்டவையும் நடைமுறையானவை: பொருத்தமான கட்டடம், போதுமான எண்ணிக்கையில் உயரமும் வலுவும் உள்ள பணியாளர்கள், இரவு பகல் ஓயாத கண்காணிப்பு. எதிர்ப்பு தாங்காமல் 1840இல் வேலையை விட்டுப் போனார் என்பதும் இந்தக் கதையின் பகுதிதான். (பிற்பாடு ஊரின் மேயரானார். புகழ் யாருக்கு என்று அவர் தரப்பும் சார்ல்ஸ்வொர்த் தரப்பும் போட்ட சண்டை இன்னொரு கட்டுரைக்கு ஆகும். சிலை சார்ல்ஸ்வொர்த்துக்கு வைக்கப்பட்டது.)

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். எட்டு ஆண்டில் நோயாளிகள் மாறியிருக்கலாமே? சாதுவானவர்கள் வந்து சேர்ந்ததால் எண்ணிக்கை இறங்கியிருக்கலாமே? லிங்கனை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பதில் லண்டனுக்கு மேற்கே ஹான்வெல் காப்பகத்தில் கிடைக்கிறது. அங்கே சுமார் 800 ஏழை நோயாளிகள். லிங்கனைப் போலப் பல மடங்கு பெரிய இடம். ஜான் கனோலி என்ற மருத்துவர் லிங்கனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, 1839 ஜூனில் ஹான்வெல்லில் பொறுப்பேற்றார். முதல் வேலையாகத் தினமும் கட்டப்பட்டவர்களின் கணக்கைத் தன் முன் வைக்கச் சொன்னார். செப்டம்பர் முடிவதற்குள் அங்கே வாரோ கட்டுச்சட்டையோ எதுவும் புழக்கத்தில் இல்லை. நான்கு மாதத்தில் 800 பேர் சாதுவாகிவிடவில்லை. அதே மனிதர்கள், அதே சுவர்கள், அதே நோய்கள். சட்டம் இதைப் பின்தொடர்ந்தது: 1845இல் அமைந்த மனநல ஆணையம் கட்டியதையும் தனியறையில் அடைத்ததையும் காரணத்தோடு எழுதிவைக்க வேண்டும் என்றது, 1890இன் சட்டம் மருத்துவச் சான்று இல்லாமல் கட்டக் கூடாது என்றும், அதன் பதிவு ஆணையத்துக்குப் போக வேண்டும் என்றும் இறுக்கியது.

கட்டை அவிழ்த்த பிறகு இன்னொரு விஷயம் புலப்பட்டது. எதைக் கண்டு கட்டினார்களோ, அதில் ஒரு பங்கு கட்டியதாலேயே உண்டானது. இரவெல்லாம் கட்டிலில் பிணைக்கப்பட்டவர் சிறுநீருக்கு எழுந்து போக முடியாது. விடிந்ததும் ‘அசுத்தம் செய்பவர்’ என்று பெயர் வாங்குவார். அசுத்தம் செய்பவரை வைக்கோலில் போட்டு மறுபடியும் கட்டுவார்கள். கையை அசைக்க முடியாதவர் கடிப்பார், துப்புவார். அது அவருடைய குணம் என்று எழுதப்படும். கனோலி 1856இல் வெளியிட்ட நூலில் இந்தச் சுழலைத் திரும்பத் திரும்பக் காட்டினார். இன்றைக்கும் வார்டுகளில் ‘இவர் அடங்க மாட்டார்’ என்று ஒருவரைப் பற்றிச் சொல்லும்போது, அந்தச் சொல் அவரை வருணிக்கிறதா அல்லது அவரைச் சுற்றி நடப்பதை வருணிக்கிறதா என்று பிரித்துப் பார்க்க நமக்குக் கற்றுக்கொடுத்தது ஈரமான ஒரு வைக்கோல் படுக்கைதான்.

ஆனால் என் வாதத்துக்கு எதிரான பலமான ஆதாரமும் இதே வரலாற்றில்தான் இருக்கிறது. இரும்பு போன இடத்தில் என்னென்ன வந்தன என்று பாருங்கள். பஞ்சு திணித்த சுவர்கொண்ட தனியறைகள் வந்தன. கிழிக்க முடியாத கெட்டித் துணி உடைகள் வந்தன. வாரைத் தூக்கி எறிந்த பணியாளரின் கையே வாராக மாறியது; 1870 வாக்கில் காப்பக நோயாளிகளின் உடைந்த விலா எலும்புகள் பிரிட்டிஷ் மருத்துவ வட்டத்தில் பெரிய விவாதமாயின. 1869இல் குளோரல் ஹைட்ரேட் என்ற தூக்க மருந்து புழக்கத்துக்கு வந்ததும், ‘ரசாயனக் கட்டு’ என்ற வசவும் கூடவே வந்தது. அமெரிக்கக் காப்பக மருத்துவர்கள் சங்கம் 1844இலேயே கட்டை முற்றாகக் கைவிட முடியாது என்று தீர்மானம் போட்டுவிட்டது. சுதந்திரம் பழகிய அமெரிக்கர் வெறும் அதிகாரத்துக்குப் பணிய மாட்டார், அதனால் அவரைக் கட்டித்தான் ஆக வேண்டும் என்று அங்கே சிலர் வாதிட்டது வரலாற்றின் குறும்புகளில் ஒன்று. நியூயார்க் மாநிலத்தின் யூடிகா காப்பகத்தில் மூடி போட்ட கூண்டுக் கட்டில் 1887 வரை இருந்தது. பிரிட்டிஷார் செய்ததெல்லாம் பெயர் மாற்றம்தான் என்று அமெரிக்க மருத்துவர்கள் ஏளனம் செய்தார்கள்.

ஏளனத்தில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியும் என் பக்கமே பேசுகிறது என்று நினைக்கிறேன். எண்ணப்பட்ட கட்டு குறைந்தது. எண்ணப்படாத கட்டு வளர்ந்தது. வாரின் மணி நேரத்துக்குப் பத்தி இருந்தது, புட்டியிலிருந்து ஊற்றியதை ‘கட்டு’ என்று எழுத யாருக்கும் பத்தி இல்லை, ஏனென்றால் அதற்குச் சிகிச்சை என்று பெயர். இருபதாம் நூற்றாண்டில் இது பெருகியது. 1952இல் பாரிஸில் ழான் தெலேயும் பியேர் தெனிக்கேயும் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அது பலரைக் காப்பகத்திலிருந்தே விடுவித்தது என்பதை மறுக்கக் கூடாது. அதே மருந்துக் குடும்பம், நோய் குணமாவதற்காக அல்லாமல் சத்தம் குறைவதற்காகவும் கொடுக்கப்பட்டது. மறதிநோய் வந்த முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகள் எவ்வளவு போகின்றன என்று பிரிட்டிஷ் அரசுக்காகப் பேராசிரியர் சுபே பானர்ஜி கணக்கெடுத்து 2009இல் அறிக்கை தந்தார்: சுமார் 1,80,000 பேர் சாப்பிடுகிறார்கள், பலன் பெறக்கூடியவர்கள் அதிகம் போனால் 36,000, கூடுதலாக ஆண்டுக்கு 1,800 மரணங்கள். இப்படி எண்ணத் தொடங்கிய காலத்தில் அங்கே மருந்துச் சீட்டுகளும் குறைந்தன.

எண்ணும் பழக்கம் தன்னைத்தானே திருத்திக்கொண்டது இதற்கிடையில் நடந்த முக்கியமான திருப்பம். லிங்கன் பட்டியல் பணியாளர் செய்ததை எண்ணியது. நடத்தைக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன கிடைத்தது என்று எண்ணியவர்கள் ஒன்றரை நூற்றாண்டு கழித்து வந்தார்கள். பால்டிமோரில் பிரையன் இவாட்டாவும் குழுவினரும் தங்களையே அடித்துக்கொண்டும் கடித்துக்கொண்டும் இருந்த, வளர்ச்சிக் குறைபாடுள்ள ஒன்பது பேரை எடுத்துக்கொண்டு, நான்கு வகைச் சூழல்களைப் பதினைந்து பதினைந்து நிமிடம் மாற்றி மாற்றி அமைத்தார்கள். அடித்துக்கொண்டால் ஒருவர் ஓடி வந்து ‘வேண்டாம்’ என்று அக்கறை காட்டும் சூழல், அடித்துக்கொண்டால் கொடுத்த வேலை நிறுத்தப்படும் சூழல், தனிமை, சும்மா விளையாட்டு. 1982இல் வெளியான முடிவு: ஒன்பதில் ஆறு பேருக்கு அடித்துக்கொள்வது குறிப்பிட்ட ஒரு சூழலில் மட்டும் திட்டமாகக் கூடியது. ஆளுக்கு ஆள் அந்தச் சூழல் வேறு. எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் 1985இல் அடுத்த படி போனார்கள். வேலை கடினமாக இருப்பதால் கத்துகிற பிள்ளைக்கு ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். கவனம் வேண்டிக் கத்துகிற பிள்ளைக்கு, தான் செய்தது சரியா என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். கத்தல் குறைந்தது. ஒருவருக்கு உரிய சொல்லை மற்றவருக்குக் கற்றுக்கொடுத்தால் குறையவில்லை. சொல் கிடைத்ததும் நடத்தைக்கு வேலை இல்லாமல் போனது. ‘சவாலான நடத்தை’ என்ற பெயரும் இந்தக் காலத்தில்தான் பிரிட்டனில் வேரூன்றியது. 1987இல் ராஜர் பிளண்டனும் டேவிட் ஆலனும் எழுதியபோது அதன் பொருள் தெளிவாக இருந்தது: சவால் பராமரிப்பு அமைப்புக்கு விடப்பட்டது. இன்று அந்தச் சொல்லையே ஆளின் மேல் ஒட்டும் சீட்டாக்கிவிட்டோம். ‘அவர் சவாலானவர்’ என்கிறோம். நாரிஸின் காப்பாளருக்கு இந்தப் பிரயோகம் உடனே புரிந்திருக்கும்.

எல்லா நடத்தையும் ஒரு செய்தி என்பது கொஞ்சம் மிகை என்று செவிலியர்கள் சொல்லக்கூடும். சரிதான். மூளைக் காய்ச்சலில் பிதற்றுபவர் எதையும் கேட்டு வாங்க முயலவில்லை. தீராத பல்வலியையோ மலச்சிக்கலையோ சொல்லத் தெரியாமல் தலையை முட்டிக்கொள்பவருக்கு நடத்தைப் பயிற்சி கொடுப்பது கொடுமை. அடி வாங்குகிற பணியாளரின் உடம்பும் உடம்புதான். ஒரு நொடியில் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டிய தருணம் எந்த வார்டிலும் வரும். பதிவேடு இவற்றை மறுப்பதில்லை. எழுதி வைத்தால்தான் வாரா வாரம் செவ்வாய்க்கிழமை கத்துகிறார், செவ்வாய் என்பது குளிக்க வைக்கும் நாள் என்பதோ, சாப்பிட்ட அரை மணியில் முட்டிக்கொள்கிறார் என்பதோ கண்ணில் படும். பல் மருத்துவரை அழைப்பதா, வேலையை மாற்றுவதா என்று முடிவெடுக்க அதுவே வழி.

இதைவிடச் சங்கடமான எதிர்வாதம் ஒன்று பிரிஸ்டல் அருகே இருந்த விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையிலிருந்து வருகிறது. 2011இல் பி.பி.சி. மறைகேமராவோடு ஆள் அனுப்பிப் படம் பிடித்தபோது, அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களைப் பணியாளர்கள் அறைவதும் நாற்காலிக்கடியில் அழுத்துவதும் பதிவானது. 11 பேர் தண்டிக்கப்பட்டார்கள், அவர்களில் ஆறு பேருக்குச் சிறை. அங்கே பதிவேடு இல்லாமலா இருந்தது? இருந்தது. அடக்கிப் பிடித்த நிகழ்ச்சிகள் நூற்றுக்கணக்கில் எழுதப்பட்டிருந்தன. எழுதியதை எடுத்து, இது ஏன் இவ்வளவு என்று கேட்கத்தான் ஆள் இல்லை. ஆக, பதிவேடு தானாக எதையும் அவிழ்க்காது. லிங்கனில் அது வேலை செய்ததற்குக் காரணம், பட்டியலைப் படித்தவர் கட்டியவர் அல்ல என்பதும், படித்தவருக்கு அதிகாரம் இருந்தது என்பதும். இங்கிலாந்து 2018இல் மனநலப் பிரிவுகளில் வலுப்பிரயோகம் பற்றித் தனிச் சட்டம் இயற்றி, ஒவ்வொரு முறையையும் காரணத்தோடு பதிவு செய்யச் சொன்னது. லிங்கனின் பட்டியலை ஏறத்தாழ 190 ஆண்டு கழித்து மறுபடியும் போட வேண்டியிருந்தது என்பது கொஞ்சம் வெட்கப்பட வேண்டியதுதான்.

நம் பக்கத்துக்கு இந்த வரலாறு நேராகவே வந்து சேர்கிறது. சென்னையில் முதல் மனநலக் காப்பகத்தை 1794இல் நடத்தத் தொடங்கிய மருத்துவர் வாலண்டைன் கனோலி; ஹான்வெல் கனோலியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அவர் அந்த வருடம்தான் பிறந்தார். கீழ்ப்பாக்கத்துக்குக் காப்பகம் 1871இல் வந்தது. ஹான்வெல்லில் வார்கள் கழற்றப்பட்டு 162 ஆண்டு ஆனபோது, 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் இல்லத்துக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கைக் கையில் எடுத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 95ஆம் பிரிவில், எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்றது. இதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நான் முக்கியமென்று கருதுவது அதற்கு இரண்டு பிரிவு தள்ளி வருகிறது. 97ஆம் பிரிவின்படி, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலோடு கட்டலாம். எப்படிக் கட்டினார்கள், ஏன், எவ்வளவு நேரம் என்று உடனே எழுத வேண்டும். நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். மாதம் ஒரு முறை மொத்தக் கணக்கும் மறுஆய்வு வாரியத்துக்குப் போக வேண்டும்.

அதே பிரிவில் இன்னொரு வரி: ஆள் பற்றாக்குறையை மட்டுமே காரணமாகக் காட்டி யாரையும் கட்டக் கூடாது. 1829இல் லிங்கன் நிர்வாகக் குழு, கட்டினால் பக்கத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்று விதித்தபோது சொன்னதும் இதைத்தான். இந்தியச் சட்டத்தின் வரி மனநல நிலையங்களின் வாசலோடு நின்றுவிடுகிறது. இரவில் எழுந்து எழுந்து வெளியே போகப் பார்க்கும் மறதிநோய்க்காரப் பெரியவரின் மணிக்கட்டு வீட்டுக் கட்டில் காலோடு சேலைக் கிழிசலால் கட்டப்படும்போது, மணி எத்தனை என்று எழுத அங்கே நோட்டும் இல்லை, அவரைக் கட்டிய மருமகளுக்குப் பதிலாக அந்த இரவு விழித்திருக்க ஆளும் இல்லை.